கொடிகளுக்கு நடுவே

ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோவிலுக்குப் போனால் அப்படியே கடற்கரைக்கும் போய்விட்டுத்தான் வீடு திரும்புவது என்பது சிட்னியில் எங்கள் கூட்டத்தின் வழக்கம். 1985-இல் குடமுழுக்கு நடந்த கோவில் அது. சுற்றிலும் யூக்கலிப்டஸ் காடு. காலையில் தரிசனம், கோவில் கேன்டீனில் தோசை, அப்புறம் காரை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் பால்ட் ஹில் என்ற மலைமுகடு வந்துவிடும். அங்கே இறங்கி நிற்காமல் யாரும் போகமாட்டார்கள். தெற்கே பார்த்தால் பச்சை மலைச்சரிவு நேராகக் கடலுக்குள் இறங்கும். தூரத்தில் கரையை விட்டு விலகிக் கடலின் மேலேயே வளைந்து போகும் சீ கிளிஃப் பாலம். காலடியில் ஸ்டான்வெல் பார்க் கடற்கரை.

1894 நவம்பரில் லாரன்ஸ் ஹார்கிரேவ் என்பவர் அந்தக் கடற்கரையில்தான் நான்கு பெட்டிப் பட்டங்களை ஒன்றாகக் கட்டி, அவற்றில் தொங்கி, தரையிலிருந்து சுமார் ஐந்து மீட்டர் உயரம் எழும்பினார். ரைட் சகோதரர்கள் பறப்பதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு. முகட்டில் அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. இன்றைக்கும் அங்கிருந்து ஆட்கள் சிறகு கட்டிக்கொண்டு காற்றில் இறங்குகிறார்கள். எங்கள் கூட்டத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டே கையில் இருக்கும் லட்டைத் தின்று முடிப்பார்கள்.

2016 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அங்கே போனபோது ஐந்து கார், இருபத்து மூன்று பேர். வென்ட்வொர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில் பக்கத்துக் குடும்பங்கள். பாதிப் பேர் எங்களைப்போல் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், மீதிப் பேர் எங்களுக்கு முப்பது வருடம் முன்பே வந்து வேரூன்றிவிட்ட இலங்கைத் தமிழர்கள். புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அவித்த முட்டை, ஒரு அண்டா அளவுக்கு எலுமிச்சைச் சாறு. சாப்பாட்டை யார் கொண்டுவருவது என்பதைப் பத்து நாளாக வாட்ஸ்அப்பில் பேசி முடிவு செய்திருந்தோம். கடலைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் பெருந்துறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவள். எங்களுக்குத் தண்ணீர் என்றால் கிணறு. எட்டு வயதில் சித்தப்பா என் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டார். முதல் நாள் அவர் கற்றுக்கொடுத்தது கை அடிப்பதோ கால் அடிப்பதோ இல்லை, மல்லாக்கப் படுப்பது. "தண்ணிகூட மல்லுக்கட்டாத கண்ணு, சும்மா படு, அது உன்னயத் தூக்கிக்கும்" என்பார். காதுக்குள் தண்ணீர் போய் உலகம் அடங்கிவிடும். மேலே வட்டமாக வானம், விளிம்பில் ஒரு வேப்பங்கிளை. என் வாழ்க்கையில் அதைவிட நிம்மதியான இடம் ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை.

பன்னிரண்டு வயதில் பெரியவள் ஆனேன். அதற்குப் பிறகு கிணற்றுப் பக்கம் போகக்கூடாது என்றாகிவிட்டது. யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. சட்டென்று நின்றுபோனது, அவ்வளவுதான். தம்பிகள் குதிக்கும் சத்தம் அடுப்படிக்குக் கேட்கும். பத்தொன்பது வருடம் நான் தண்ணீரில் இறங்கவே இல்லை. கல்லூரிச் சுற்றுலாவில் ராமேசுவரம் போனபோதுகூடக் கணுக்கால் நனைய நின்றுவிட்டுத் திரும்பினேன். கூட வந்த பெண்கள் எல்லோரும் அப்படித்தான் நின்றார்கள்.

ஆகவே அன்றைக்கு ஸ்டான்வெல் பார்க்கில் முழுக்கைச் சட்டையும் லெகிங்ஸும் போட்டுக்கொண்டு நான் கடலில் இறங்கியது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. பெண்கள் பாயில் உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொள்வதும் ஆண்களும் பிள்ளைகளும் தண்ணீருக்குப் போவதும்தான் எங்கள் கூட்டத்தின் பழக்கம். நான் எழுந்ததும் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும், "போய்ட்டு வா, நான் பாப்பாவப் பாத்துக்கறேன்" என்றார். மணல் சுட்டது. முதல் அலை முட்டியில் அடித்தபோது எனக்கு அழுகை வந்தது. அதை எழுதுவதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

கரையில் இரண்டு கொடிகள் நட்டிருந்தார்கள். மேல்பாதி சிவப்பு, கீழ்ப்பாதி மஞ்சள். அந்த இரண்டுக்கும் நடுவே ஒரே கூட்டம். அலை வேறு நுரைத்துக்கொண்டு உடைந்தது. அங்கிருந்து ஐம்பது அறுபது அடி தள்ளிப் பார்த்தால் கடல் அமைதியாக இருந்தது. அலை உடையவே இல்லை. தண்ணீர் கொஞ்சம் கரும்பச்சையாக, மெல்லச் சுருக்கம் விழுந்து, எங்கள் கிணற்றுத் தண்ணீர் மாதிரியே தெரிந்தது. கூட்டமும் இல்லை. கொடி என்றால் ஏதோ நீச்சல் வகுப்போ போட்டியோ நடக்கும் இடம் என்று நினைத்துக்கொண்டு, அந்த அமைதியான தண்ணீரில் போய் இறங்கினேன்.

அதன் பெயர் ரிப். கரைக்கு வந்து உடையும் அலைகள் கொண்டுவந்து குவிக்கும் தண்ணீர் எப்படியாவது கடலுக்குத் திரும்பவேண்டும் அல்லவா? மணல்திட்டுகளுக்கு நடுவே ஆழமான ஒரு வாய்க்கால் கிடைத்தால் எல்லாம் அதன் வழியே சேர்ந்து ஓடும். எங்கள் ஊரில் வயலில் பாய்ந்த தண்ணீர் மடை திறந்த பக்கம் ஓடுவது போலத்தான். அந்த இடத்தில் ஆழம் அதிகம் என்பதால் அலை அங்கே உடையாது. அதனால் பார்ப்பவர்களுக்குக் கரையிலேயே சாதுவான இடம் அதுதான் என்று தோன்றும். வலுவான ரிப் நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில்கூட ஓடும். ஒலிம்பிக் நீச்சல்காரர்களே அதை எதிர்த்து முன்னேற முடியாது. இதெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தவளுக்குச் சட்டென்று கால் எட்டவில்லை என்பதும், பாயில் உட்கார்ந்திருந்த எங்கள் கூட்டம் சின்னதாகிக்கொண்டே போனது என்பதும்தான்.

நீந்தினேன். நேராகக் கரையைப் பார்த்து, முழு பலத்தோடு. பத்தொன்பது வருடத்துக்குப் பிறகும் கைக்கு நீச்சல் மறக்கவில்லை, ஆனால் கரை கிட்டே வரவே இல்லை. இருபது முப்பது வீச்சில் தோள் எரிய ஆரம்பித்தது. உப்புத்தண்ணீர் மூக்கில் ஏறியது. கிணற்றில் எந்தப் பக்கம் போனாலும் பத்து வீச்சில் கல்சுவர் கைக்குக் கிடைத்துவிடும். இங்கே பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை என்பது உடம்புக்குப் புரிந்த அந்த நொடிதான் உண்மையான பயம். பாப்பாவின் மஞ்சள் தொப்பி ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

இனி முடியாது என்று ஆனபோது மல்லாக்கப் படுத்துவிட்டேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்லமுடியாது. தோள் ஓய்ந்து, உடம்பு தானாகப் பழைய இடத்துக்குப் போய்விட்டது. காதுக்குள் தண்ணீர் போனது. சத்தம் அடங்கியது. வானம் தெரிந்தது. தண்ணீர் என்னைக் கீழே இழுக்கவில்லை. தூக்கிக்கொண்டுதான் போனது. ரிப் ஆளை அமுக்குவதில்லை, வெளியே கொண்டுபோகிறது, அதை எதிர்த்துக் களைத்துப்போவதால்தான் ஆட்கள் மூழ்குகிறார்கள் என்று பிறகு கற்றுக்கொடுத்தார்கள். ஒரு கையைத் தூக்கி ஆட்டினேன்.

ஒரு பெண் பலகையில் படுத்துத் துடுப்புப் போல இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சிவப்பும் மஞ்சளுமாகத் தொப்பி. பதினேழு, பதினெட்டு வயதுதான் இருக்கும், மூக்கெல்லாம் வெள்ளையாக களிம்பு. என் கையைப் பிடித்துப் பலகையில் வைத்து, ரொம்ப நன்றாக மிதந்தீர்கள் என்றாள் ஆங்கிலத்தில். நேராகக் கரைக்குப் போகாமல் பக்கவாட்டில், அலை உடையும் பக்கமாகக் கொண்டுபோனாள். அங்கிருந்து அலையே எங்களைக் கரையில் தள்ளியது. எல்லாம் சேர்த்து ஐந்தாறு நிமிடம் ஆகியிருக்கும். ஒரு பைசா கேட்கவில்லை. என் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, தலை சுற்றுகிறதா, இருமல் வருகிறதா என்று கேட்டுவிட்டு, அவள் மறுபடி போய்க் கடலைப் பார்த்து நின்றுகொண்டாள்.

வார இறுதிகளில் இப்படிக் கரையில் நிற்பவர்களில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. மாணவர்கள், தச்சர்கள், செவிலியர்கள், ஓய்வுபெற்றவர்கள். 1900-களின் தொடக்கத்தில் சிட்னிக் கடற்கரைகளில் தொடங்கிய வழக்கம் இது. 1938 பிப்ரவரி 6 அன்று பாண்டை கடற்கரையில் தொடர்ந்து வந்த பேரலைகள் கூட்டத்தை ஆழத்துக்கு இழுத்துப் போனபோது, கரையிலிருந்த இந்தத் தொண்டர்கள்தான் சுமார் 250 பேரை மீட்டார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். அந்த நாளுக்கு இங்கே 'கறுப்பு ஞாயிறு' என்று பெயர். இந்தியாவிலிருந்து வந்து வரி கட்ட ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகியிருந்த எனக்காக, பள்ளிப் படிப்பைக்கூட முடித்திருக்காத ஒரு பெண் தன் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்திருந்தாள். அதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

பாயில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். பருத்தித்துறையைச் சேர்ந்த ஒரு அம்மா எங்கள் கூட்டத்தில் உண்டு. எழுபது வயதுக்கு மேல். அவர்தான் முதலில் வாய் திறந்தார். "பிள்ளை, முதல்ல ஈர உடுப்பை மாத்துங்கோ. பேச்சு பிறகு." பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கையில் கொடுத்தார். சீனி தூக்கலாக இருந்தது. கடல் பக்கத்து ஆட்கள் பதறுவதில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மற்றவர்கள் பதறினார்கள். அதில் தப்பில்லை, அன்பினால்தான். ஆனால் அந்தப் பதற்றம் போன திசை எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்த இரவே குழுவில் முடிவாகிவிட்டது: இனி கடற்கரைக்குப் போனால் யாரும் தண்ணீரில் இறங்கவேண்டாம், மணலில் விளையாடினால் போதும், குறிப்பாகப் பெண்களும் பிள்ளைகளும். படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்துவைத்தேன். பன்னிரண்டு வயதில் மூடிய அதே கதவு. அப்போது வாயைத் திறக்கவில்லை. இந்த முறை திறந்தேன். "எனக்கு நீச்சல் தெரியாமல் ஆபத்து வரவில்லை, கடலைப் பார்க்கத் தெரியாமல் வந்தது. பார்க்கக் கற்றுக்கொள்வோம். இறங்காமல் இருக்கவேண்டாம்" என்று எழுதினேன். பதில் வர ஒரு மணி நேரம் ஆனது. முதலில் பதில் போட்டது பருத்தித்துறை அம்மாதான்: "பிள்ளை சொல்லுறது சரி."

இங்கே ஒவ்வொரு கோடையிலும் கடலில் மூழ்கி இறப்பவர்களில் வெளிநாட்டில் பிறந்தவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். 2024 ஜனவரியில் விக்டோரியாவின் பிலிப் தீவில், கரைக்காவலர்கள் இல்லாத ஃபாரஸ்ட் கேவ்ஸ் கடற்கரையில், இந்தியக் குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த இரவு எனக்குத் தூக்கமில்லை. அந்தக் கரையின் படத்தைப் பார்த்தேன். எவ்வளவு அழகு! நானும் அங்கே காரை நிறுத்தி இறங்கியிருப்பேன். நம் ஊரில் கடலுக்குப் போவது என்றால் சுண்டல் வாங்கிக் காற்று வாங்குவது. கடலில் எந்த இடத்தில் இறங்கலாம், எந்த இடத்தில் கூடாது என்பது மீனவக் குடும்பங்களின் அறிவாகவே இருந்துவிட்டது. நமக்கு அது வந்து சேரவில்லை. இந்த ஊர்க்காரர்கள் அதைப் பள்ளிக்கூடத்திலேயே கற்றுவிடுகிறார்கள், அதனாலேயே தெரியாத ஒருவர் இருக்கக்கூடும் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

நாங்கள் தேடித்தேடிக் கற்றுக்கொண்டோம். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ராப் பிராண்டர் என்ற பேராசிரியர் இருக்கிறார். ரிப் ஓடும் இடத்தில் கெடுதல் இல்லாத ஊதாச் சாயத்தைக் கரைத்துவிட்டுப் படம் எடுத்துக் காட்டுவார். கரை ஓரத்தில் ஊற்றிய சாயம் ஒரு நாக்குப் போல நீண்டு அலைகளைத் தாண்டிக் கடலுக்குள் போவதைப் பார்த்தால் ஒன்றும் விளக்கவேண்டியதில்லை. அந்தக் காணொளியைக் குழுவில் போட்டேன். "நான் போன வருஷம் நின்னது அதே மாதிரி இடத்துல" என்று மூன்று பேர் எழுதினார்கள்.

இப்போது புதிதாக வரும் குடும்பங்களுக்கு நான் சொல்வதை அப்படியே இங்கே எழுதுகிறேன். கிளம்பும் முன் பீச்சேஃப் செயலியில் அந்தக் கரைக்கு அன்று காவல் உண்டா என்று பாருங்கள். காவல் இல்லை என்றால் வேறு கரைக்குப் போங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும். கரைக்கு வந்ததும் பாயை விரிக்காமல் பத்து நிமிடம் நின்று கடலைப் பாருங்கள். வரிசையாக அலை உடையும்போது நடுவே உடையாத ஒரு இடைவெளி இருக்கிறதா? அங்கே தண்ணீர் கருமையாகவோ, மணல் கலங்கியோ, நுரையும் பாசியும் வெளியே போவதாகவோ தெரிகிறதா? அது ரிப் ஓடும் பாதை. அதில் இறங்காதீர்கள். கொடி நட்டிருப்பது அன்றைக்கு அந்தக் கரையில் இருப்பதிலேயே பத்திரமான இடத்தில். மணல்திட்டு நகர நகர அவர்களும் கொடியைப் பிடுங்கி நகர்த்துவார்கள், அதனால் போன வாரம் குளித்த இடம் இந்த வாரத்துக்குச் செல்லாது. மாலையில் கொடியைக் கழற்றிவிட்டால் நீங்களும் வெளியே வந்துவிடுங்கள். சேலை, சுடிதார், ஜீன்ஸ் எல்லாம் நனைந்தால் கல் கட்டியது போல ஆகிவிடும், உடம்போடு ஒட்டும் உடை நல்லது. மாட்டிக்கொண்டால் மிதக்கவேண்டும், கையைத் தூக்கவேண்டும். வேறொருவர் மாட்டினால் பின்னாலேயே குதிக்காமல் காவலரைக் கூப்பிடுங்கள், கூடவே மிதக்கும் பொருள் ஏதாவது, பந்தோ ஐஸ்பெட்டியோ, அவர்கள் பக்கம் எறியுங்கள். காப்பாற்றப் போனவர் இறந்து, மாட்டியவர் பிழைத்த கதைகள் இங்கே நிறைய உண்டு.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் தோலுக்கு ஒன்றும் ஆகாது என்று பலர் நினைக்கிறோம். சிட்னிக் கோடை நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டும். என் மகளின் தோள் ஒருமுறை உரிந்து போனது. களிம்பு பூசுங்கள்.

வடகிழக்குக் காற்று அடிக்கும் நாட்களில் நீலக்குப்பி என்று இங்கே சொல்லும், ஜெல்லி மீன் போன்ற சொறிவகை கரை ஒதுங்கும். ஊதின பலூன் மாதிரி ஒரு சின்ன நீலப்பை, கீழே நூல் போன்ற வால். ஒருமுறை எங்கள் கூட்டத்துப் பையன் ஒருவனின் காலில் அந்த வால் சுற்றிக்கொண்டது. வினிகர் தேடி ஓடப்போனார் ஒருவர். அது பெட்டிச் சொறிக்குத்தான், இதற்கில்லை. கடல்நீரால் கழுவி, தாங்கும் சூட்டில் வெந்நீரில் இருபது நிமிடம் காலை வைத்திருக்கவேண்டும். பருத்தித்துறை அம்மா தேத்தண்ணிக்கு வைத்திருந்த வெந்நீரைப் பச்சைத்தண்ணீரோடு கலந்து, தன் முழங்கையில் ஊற்றிச் சூடு பார்த்து, அவன் காலில் விட்டுக்கொண்டே இருந்தார். அதற்குள் காவலர்கள் வாளியோடு வந்துவிட்டார்கள். அன்றைக்கு யாருக்கும் தேத்தண்ணி கிடைக்கவில்லை.

அந்த வருடமே நானும் எங்கள் கூட்டத்துப் பெண்கள் ஆறு பேரும் வீட்டுப் பக்கத்து நீச்சல் குளத்தில் வகுப்புக்குச் சேர்ந்தோம். இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ஐந்து பேர் இன்னும் போகிறோம். கரைக்காவல் தொண்டராக வெண்கலப் பதக்கம் என்ற பயிற்சியை முடிக்கவேண்டும், அதற்கு முதல் படி குளத்தில் 400 மீட்டரை ஒன்பது நிமிடத்துக்குள் நீந்துவது. பதினைந்து வயதுப் பிள்ளைகள் அதைச் செய்துவிடுகிறார்கள். நான் பதினாலில் தொடங்கிப் பத்தே முக்காலுக்கு வந்திருக்கிறேன்.

போன டிசம்பரில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். கோவிலுக்குக் கூட்டிப்போய்விட்டு, வழக்கம்போல் முகட்டில் நிறுத்திவிட்டு, கடற்கரைக்கு இறங்கினோம். ஸ்டான்வெல் பார்க் கிழக்குப் பார்த்த கரை. முதுகுக்குப் பின்னால் மலை. பிற்பகல் சாயும்போதே வெயில் மலைக்குப் பின்னால் போய் மணலில் நிழல் விழுந்துவிடும். அந்த நேரத்தில் அம்மாவைக் கையைப் பிடித்து இரண்டு கொடிகளுக்கு நடுவே கூட்டிப்போனேன். என் ட்ராக் பேன்ட்டைப் போட்டுக்கொள்ள ஒப்புக்கொண்டதே பெரிது. மேலே அவருடைய சட்டை, தோளில் ஒரு துண்டு.

முழங்காலளவு தண்ணீரில் நின்றோம். ஒவ்வொரு அலைக்கும் என் கையை இறுக்கினார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடி தளர்ந்தது.

"உன்ர சித்தப்பன் உனக்கு நீச்சல் பழக்குனப்ப நான் கிணத்து மேட்டுல நின்னு பாத்துட்டு இருப்பேன்" என்றார், கடலைப் பார்த்தபடியே. "எனக்கும் எறங்கோணும்னு இருக்கும்."

எனக்குப் பதில் வரவில்லை. பத்து வயது மகள் என்னை முந்திக்கொண்டு, "அம்மாயி, அங்க பாருங்க, அலையே இல்லாம கறுப்பா இருக்குல்ல, அங்க மட்டும் போகக்கூடாது. இங்க படுக்கலாம்" என்றாள். அம்மா அந்தக் கரும்பச்சைத் தண்ணீரை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, தலையை என் கையில் சாய்த்தார். ஒரு கை அவர் பின்கழுத்துக்கு, ஒரு கை முதுகுக்கு. அறுபத்தாறு வயது உடம்பு தண்ணீரில் எவ்வளவு லேசாக இருக்கிறது! முதலில் விறைத்துப் போயிருந்தார். காதுக்குள் தண்ணீர் போனதும் கண்ணை இறுக மூடினார். அடுத்த அலை வந்து தூக்கி இறக்கியது.

"சும்மா படுங்கம்மா" என்றேன். கண்ணைத் திறந்து வானத்தைப் பார்த்தார்.